வீட்டு உரிமையாளர் சங்க அபராதம் (ஐக்கிய அமெரிக்கா)

வீட்டு உரிமையாளர் சங்க அபராதம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் ஒரு குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம், தன் விதிகளை மீறிய உறுப்பினர் மீது விதிக்கும் பணத் தண்டனை ஆகும். இதனை விதிப்பது அரசோ நீதிமன்றமோ அன்று. உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுவே இதனை விதிக்கின்றது. குப்பைத் தொட்டியைத் தெருவோரத்திலேயே விட்டுவைத்தல், அனுமதி பெறாமல் வேலிக்கு வேறு நிறம் பூசுதல், விருந்தினருக்கான இடத்தில் நாள்கணக்கில் வண்டியை நிறுத்துதல், இரவில் இரைச்சல் எழுப்புதல் முதலியன வழக்கமாக அபராதத்திற்கு உள்ளாகும் மீறல்கள் ஆகும்.

இம்முறையில் ஓர் அடிப்படைச் சிக்கல் உள்ளது. விதியை இயற்றுவதும், மீறலைக் கண்டறிவதும், விசாரிப்பதும், தண்டிப்பதும் பெரும்பாலும் ஒரே குழுவே. வசூலாகும் தொகை சேர்வதும் அக்குழு நிர்வகிக்கும் கணக்கிலேயே. குழுவினரும் அபராதம் பெறுபவரும் அண்டை வீட்டார். இக்காரணங்களால், முன்னறிவிப்பு, தன் தரப்பைக் கூறும் வாய்ப்பு, எழுத்துமூல முடிவு ஆகிய மூன்றையும் பல மாநிலச் சட்டங்கள் கட்டாயமாக்கியுள்ளன. மீறல் உண்மையாகவே நடந்திருந்தாலும், நடைமுறை தவறினால் அபராதம் செல்லாது போகலாம். கலிபோர்னியச் சட்டம் இதனை வெளிப்படையாகவே கூறுகின்றது: சட்டத்தில் கூறப்பட்ட நடைமுறையை நிறைவேற்றாத ஒழுங்கு நடவடிக்கை அவ்வுறுப்பினரைக் கட்டுப்படுத்தாது.

வரையறை

வீட்டு உரிமையாளர் சங்கம் என்பது பூங்கா, உட்சாலை, நீச்சற்குளம், கூரை போன்ற பொதுச் சொத்துகளைப் பராமரிக்கவும், குடியிருப்பின் விதிகளை நடைமுறைப்படுத்தவும் அமைக்கப்படும் தனியார் அமைப்பு ஆகும். அக்குடியிருப்பில் வீடு வாங்கும் எவரும் தாமாகவே இதன் உறுப்பினர் ஆகிவிடுவர். வீட்டை விற்கும் வரை விலக இயலாது. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய சங்கங்கள் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டவை உள்ளன.

சங்கம் உறுப்பினரிடம் வசூலிக்கும் தொகைகள் பலவகைப்படும். இவற்றைக் குழப்பிக்கொள்ளுதல் குழுக்கள் செய்யும் பொதுவான தவறுகளுள் ஒன்று.

* பராமரிப்புக் கட்டணம்: எல்லா உறுப்பினரும் மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் செலுத்தும் பங்கு.
* தாமதக் கட்டணம்: பராமரிப்புக் கட்டணத்தை உரிய காலத்தில் செலுத்தாததற்கான கூடுதல் தொகை.
* சேத ஈட்டுத்தொகை: உறுப்பினரோ அவரது விருந்தினரோ பொதுச் சொத்துக்கு விளைத்த சேதத்தைச் சரிசெய்ய ஆன செலவு.
* அபராதம்: விதிமீறலுக்கான தண்டனை. இதற்கு ஈடாகச் சங்கத்திற்கு எச்செலவும் நேர்ந்திருக்க வேண்டியதில்லை.

ஓர் உறுப்பினரின் வண்டி நுழைவாயிற் கதவில் மோதி, அதனைச் சரிசெய்ய 900 டாலர் ஆனது எனக் கொள்வோம். அந்த 900 டாலர் சேத ஈட்டுத்தொகை ஆகும். வேக வரம்பை மீறியதற்காகத் தனியே விதிக்கப்படும் 100 டாலரே அபராதம். வசூலிக்கும் வழிகள் இரண்டிற்கும் வேறுபடுவதால், கணக்கிலும் முடிவுக் கடிதத்திலும் இவை தனித்தனியே காட்டப்பட வேண்டும்.

வரலாறு

பொதுச் சொத்தைக் குடியிருப்பாளர் சங்கமே நிர்வகிக்கும் முறைக்கு நியூ செர்சி மாநிலத்தில் 1929 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராட்பர்ன் குடியிருப்பு முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. 1960களுக்குப் பின்னர் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் புறநகர்க் குடியிருப்புகளும் பெருகியபோது சங்கங்களும் பெருகின.

ஒரு தனியார் சங்கம் அபராதம் விதிக்கலாமா என்பதே தொடக்கத்தில் கேள்விக்குரியதாக இருந்தது. 1982 இல் வர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றம் பில்ட்அமெரிக்கா-1 எதிர் கில்மன் வழக்கில் இதனை ஆராய்ந்தது. குடியிருப்பில் குப்பை லாரிகளை நிறுத்தியதற்காக விதிக்கப்பட்ட அபராதம் பற்றிய வழக்கு அது. தண்டம் விதிப்பது அரசுக்குரிய அதிகாரம் என்றும், அன்றைய மாநிலச் சட்டம் அதனைச் சங்கத்திற்கு வழங்கவில்லை என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. பின்னர் வர்ஜீனியா சட்டமன்றம், வரம்புகளுடன் அவ்வதிகாரத்தைச் சட்டத்தின் மூலம் வழங்கியது.

மாநிலங்கள் பின்பற்றத்தக்க மாதிரிச் சட்டமாக 1982 இல் வெளியான பொது உடைமைக் குடியிருப்புகளுக்கான ஒருசீர்ச் சட்டம், முன்னறிவிப்பும் தன் தரப்பைக் கூறும் வாய்ப்பும் அளித்த பின்னர் நியாயமான அபராதம் விதிக்கலாம் என்ற நெறியைக் கொண்டிருந்தது. கலிபோர்னியா 1985 இல் டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டத்தை இயற்றியது. டெக்சாசு 2001 இல் குடியிருப்பு உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 2020களில் கொலராடோ (2022), டெக்சாசு (2023), புளோரிடா (2024), கலிபோர்னியா (2025) ஆகிய மாநிலங்கள் அபராத அதிகாரத்தை மேலும் கட்டுப்படுத்தின.

அதிகாரத்தின் ஊற்று

நிர்வாகக் குழுவிற்கு இயல்பாகவே அபராத அதிகாரம் கிடையாது. கீழ்க்காணும் ஆவணங்களில் இருந்தே அது பிறக்கின்றது. இவை ஒன்றோடொன்று முரண்பட்டால், பொதுவாக வரிசையில் முன் நிற்பதே செல்லுபடியாகும்.

1. கூட்டரசுச் சட்டமும் மாநிலச் சட்டமும்
2. மாவட்டப் பதிவகத்தில் பதிவுசெய்யப்பட்ட உடன்படிக்கை ஆவணம்
3. சங்கத்தை நிறுவும் ஆவணம்
4. துணைவிதிகள்
5. நிர்வாகக் குழு இயற்றும் நடைமுறை விதிகள்

குழு முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "இது அழகாக இருக்கின்றதா?" என்பது அன்று, "இது எந்த ஆவணத்தின் எந்தப் பிரிவிற்கு மாறானது?" என்பதே. பிரிவைச் சுட்ட இயலாவிடில் அபராதம் இல்லை. கலிபோர்னியாவில் ஒரு நடைமுறை விதி செல்லுபடியாக வேண்டுமானால், அது எழுத்தில் இருத்தல் வேண்டும்; குழுவின் அதிகாரத்திற்கு உட்பட்டிருத்தல் வேண்டும்; மேல்நிலை ஆவணங்களுக்கு முரண்படாதிருத்தல் வேண்டும்; நல்லெண்ணத்துடன் இயற்றப்பட்டிருத்தல் வேண்டும்; நியாயமானதாக இருத்தல் வேண்டும். உறுப்பினர் நடத்தை தொடர்பான விதிகளை மாற்றுவதற்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன்னர் எல்லா உறுப்பினருக்கும் பொது அறிவிப்பு தரவேண்டும்.

அபராதம் விதிக்கும் சங்கம், எம்மீறலுக்கு எவ்வளவு என்று காட்டும் அபராத அட்டவணையை முன்கூட்டியே ஏற்று, உறுப்பினர்களுக்கு வழங்கியிருக்கவும் வேண்டும். மீறல் நடந்த பின்னர் தொகையை முடிவு செய்தல் ஏற்கத்தக்கதன்று.

ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பு கூறும் முறையான நடைமுறைக்கான உரிமை, பொதுவாக அரசின் செயல்களையே கட்டுப்படுத்தும். தனியார் சங்கத்தை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே உறுப்பினருக்குரிய பாதுகாப்பு பெரும்பாலும் மாநிலச் சட்டத்திலும் சங்கத்தின் ஆவணங்களிலுமே அடங்கியுள்ளது. மாநிலத்திற்கு மாநிலம் விதிகள் பெரிதும் வேறுபடுவதற்கும் இதுவே காரணம்.

முடிவெடுக்கும் படிநிலைகள்

கீழ்க்காணும் வரிசை கலிபோர்னியச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. பிற மாநிலங்களின் சிறப்பு விதிகள் உரிய இடங்களில் சுட்டப்பட்டுள்ளன.

புகாரும் சரிபார்ப்பும்

மீறல் பற்றிய தகவல் அண்டை வீட்டாரின் புகாராகவோ, மேலாண்மை நிறுவனத்தின் சுற்றுப்பார்வையிலோ வரலாம். புகார் சான்று ஆகாது. நாள், நேரம், இடம், ஒளிப்படம், மீறப்பட்ட பிரிவு ஆகியவற்றைக் கொண்ட பதிவு தேவை. புகார் கூறியவரும் எதிர்த்தரப்பும் முன்பே பகை கொண்டவர்களாக இருப்பின், குழுவைச் சேர்ந்த ஒருவரோ மேலாளரோ நேரில் பார்த்து உறுதிசெய்தல் நன்று. அரிசோனா மாநிலத்தில், உறுப்பினர் உரிய காலத்திற்குள் சான்றஞ்சலில் மறுமொழி அனுப்பினால், மீறலைக் கண்டவரின் முழுப்பெயரைச் சங்கம் தெரிவிக்க வேண்டும். யார் கண்டது என்று தெரியாத குற்றச்சாட்டிற்கு எவரும் விடையளிக்க இயலாது என்பது இதன் அடிப்படை.

விதியை மீறியவர் வாடகைக்குக் குடியிருப்பவராயின், அறிவிப்பு வீட்டின் உரிமையாளருக்கு அனுப்பப்பட வேண்டும். ஏனெனில் சங்கத்தின் உறுப்பினர் அவரே.

முன்னறிவிப்பு

கலிபோர்னியாவில், விசாரணைக் கூட்டத்திற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர் உறுப்பினருக்கு எழுத்துமூல அறிவிப்பு தரப்பட வேண்டும். அதில் அடங்க வேண்டியவை:

* கூட்டத்தின் நாள், நேரம், இடம்
* எம்மீறலுக்காக நடவடிக்கை எடுக்கப்படலாம் என்ற விவரம்
* உறுப்பினர் கூட்டத்திற்கு வந்து குழுவிடம் பேசலாம் என்ற கூற்று

"நீங்கள் விதிகளை மீறியுள்ளீர்கள்" என்ற பொதுப்படையான கடிதம் போதாது. "மார்ச் 4, 11, 18 ஆகிய நாட்களில் வீட்டின் முன் குப்பைத் தொட்டி இரவு முழுவதும் இருந்தது, இது நடைமுறை விதி 6-க்கு மாறானது" என்பது போல் அமைந்தால்தான் உறுப்பினர் விடையளிக்க இயலும். டெக்சாசில் முதல் அறிவிப்பு சான்றஞ்சலில் செல்ல வேண்டும். கொலராடோவில், உறுப்பினர் வேறொரு மொழியை விரும்புவதாக முன்பே தெரிவித்திருந்தால், ஆங்கிலத்துடன் அம்மொழியிலும் அறிவிப்பு தரப்பட வேண்டும். ஆங்கிலம் முதன்மொழியாக அமையாத குடியேறியோருக்கு இவ்விதி மிகவும் பயன்படுவது.

சரிசெய்யும் வாய்ப்பு

அபராதத்தின் நோக்கம் விதி பின்பற்றப்படுவதே தவிர வருவாய் அன்று. கலிபோர்னியாவில் 2025 முதல், விசாரணைக்கு முன்னரே மீறலைச் சரிசெய்ய உறுப்பினருக்கு வாய்ப்புத் தரப்பட வேண்டும். சரிசெய்ய அதிகக் காலம் தேவைப்படும் பணியாயின், அதற்கான நிதிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதைக் காட்டினாலே போதும். எடுத்துக்காட்டாக, கூரையை மாற்ற ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் செலுத்திய உறுப்பினர் மீது, பணி இன்னும் தொடங்கவில்லை என்பதற்காக அபராதம் விதிக்க இயலாது. புளோரிடாவிலும் விசாரணைக்கு முன் சரிசெய்யப்பட்ட மீறலுக்கு அபராதம் விதிக்கக்கூடாது.

விசாரணை

விசாரணை நீதிமன்றத்தைப் போல் நடைபெற வேண்டியதில்லை. ஆயினும் உறுப்பினர் பேசுவதைக் குழு கேட்க வேண்டும். அவர் கொணரும் ஒளிப்படங்களையும் கடிதங்களையும் பார்க்க வேண்டும். கேட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும். கலிபோர்னியாவில் உறுப்பினர் கேட்டுக்கொண்டால் விசாரணை மூடிய கூட்டமாக நடைபெற வேண்டும். அக்கூட்டத்தில் கலந்துகொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. அடுத்தவரின் குடும்பச் சூழலோ நோயோ பொதுவில் பேசப்படாதிருக்க இது உதவும்.

டெக்சாசில், குழு பயன்படுத்தவுள்ள ஆவணங்களும் ஒளிப்படங்களும் அடங்கிய தொகுப்பை விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் உறுப்பினருக்கு அளிக்க வேண்டும். அளிக்காவிடில் அவர் 15 நாள் ஒத்திவைப்புப் பெறும் உரிமையுடையவர். இரு தரப்பும் விசாரணையை ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம்.

புளோரிடா வேறொரு வழியைப் பின்பற்றுகின்றது. அங்கு நிர்வாகக் குழு அபராதத்தை முன்மொழியலாம். ஆனால் தனியான ஒரு விசாரணைக் குழு அதற்கு ஒப்புதல் அளிக்க வேண்டும். இதில் குறைந்தது மூவர் இருத்தல் வேண்டும். நிர்வாகிகளோ, சங்கப் பணியாளர்களோ, அவர்களின் துணைவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரோ இதில் இடம்பெறலாகாது. பெரும்பான்மையினர் ஏற்காவிடில் அபராதம் விதிக்க இயலாது.

முடிவு

முடிவு முறையான கூட்டத்தில் வாக்கெடுப்பின் மூலம் எடுக்கப்பட வேண்டும். கலிபோர்னியாவில் நிர்வாகக் குழு கூட்டத்திற்கு வெளியே முடிவெடுக்கக்கூடாது. அவசர நிலை தவிர மின்னஞ்சல்கள் வழியாகக் கூட்டம் நடத்துவதும் கூடாது. குழு உறுப்பினர்கள் மின்னஞ்சலில் "சரி" என்று பதிலளித்து விதித்த அபராதம் நிலைக்காது.

தன்மீதே நடவடிக்கை எடுக்கப்படும்போது ஒரு நிர்வாகி வாக்களிக்கக்கூடாது. புகார் கூறியவரே நிர்வாகியாகவும் இருப்பின், சாட்சியாகத் தான் கண்டதைக் கூறிவிட்டு வாக்கெடுப்பிலிருந்து விலகியிருத்தல் முறை. கொலராடோச் சட்டம், முடிவெடுப்பவர் அதன் விளைவில் நேரடியான சொந்த நலனோ பண நலனோ இல்லாதவராக இருக்க வேண்டும் என்கின்றது.

குழு தனக்குத் தானே விடையளிக்க வேண்டிய கேள்விகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

1. மீறப்பட்ட பிரிவு எது? அது செல்லுபடியாகும் விதியா?
2. மீறல் நடந்ததற்கான சான்று யாது?
3. உறுப்பினர் கூறிய விளக்கம் யாது? அது ஏன் ஏற்கப்பட்டது அல்லது ஏற்கப்படவில்லை?
4. இதே மீறலுக்கு முன்னர் பிறர் எவ்வாறு நடத்தப்பட்டனர்?
5. தொகை அட்டவணைக்கும் சட்ட வரம்பிற்கும் உட்பட்டதா?
6. அபராதமின்றியே இதனைத் தீர்க்க இயலுமா?

முடிவை அறிவித்தல்

கலிபோர்னியாவில் நடவடிக்கை எடுக்கப்பட்ட 14 நாட்களுக்குள் முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2025 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன்னர் இக்காலம் 15 நாட்களாக இருந்தது. வர்ஜீனியாவிலும் புளோரிடாவிலும் விசாரணை முடிந்த 7 நாட்களுக்குள் அதன் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். புளோரிடாவில் தொகையைச் செலுத்தக் குறைந்தது 30 நாட்கள் தரப்பட வேண்டும். மூடிய கூட்டத்தில் பேசப்பட்டதைப் பற்றி அடுத்த திறந்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பொதுவாக மட்டும் குறிப்பிடுவது கலிபோர்னிய முறையாகும்.

உடன்பாடும் முறையீடும்

விசாரணையில் குழுவும் உறுப்பினரும் உடன்பாட்டிற்கு வந்தால், கலிபோர்னியாவில் அது எழுத்தில் பொறிக்கப்பட்டு இரு தரப்பினராலும் கையொப்பமிடப்பட வேண்டும். உடன்பாடு ஏற்படாவிடில், உறுப்பினர் சங்க உள் தகராறுத் தீர்வு முறையைக் கோரலாம். சட்டம் வகுத்துள்ள பொது முறைப்படி, உறுப்பினர் எழுத்தில் கோரினால் சந்தித்துப் பேசச் சங்கம் மறுக்கக்கூடாது. இதற்குக் கட்டணமும் பெறக்கூடாது.

தொகையும் வரம்பும்

அபராதம் மீறலின் அளவிற்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். நாள்தோறும் சேரும் அபராதமே பெரும் துன்பத்திற்குக் காரணமாகின்றது. நாளொன்றுக்கு 50 டாலர் என விதித்தால், வேலிக்கு மறுநிறம் பூச 60 நாட்கள் தாமதித்த உறுப்பினரின் கணக்கில் 3,000 டாலர் ஏறிவிடும். வண்ணம் பூசும் செலவை விட இது பன்மடங்காக இருக்கக்கூடும். இதனைத் தடுக்கப் பல மாநிலங்கள் வரம்பு விதித்துள்ளன.

* கலிபோர்னியா: 2025 முதல் மீறல் ஒன்றிற்கு 100 டாலர் அல்லது அட்டவணைத் தொகை, இவற்றுள் குறைந்தது. மீறல் பொதுச் சொத்திற்கோ மற்றோர் உறுப்பினரின் சொத்திற்கோ உடல்நல அல்லது பாதுகாப்புக் கேடு விளைவிக்கக்கூடும் எனத் திறந்த கூட்டத்தில் எழுத்துமூலம் காரணங்காட்டினால் மட்டுமே இதனை மீறலாம். அபராதத்தின் மீது வட்டியோ தாமதக் கட்டணமோ கூடாது.
* புளோரிடா: மீறல் ஒன்றிற்கு 100 டாலர், தொடரும் மீறலுக்கு நாளொன்றுக்கு 100 டாலர். சங்க ஆவணங்கள் வேறாகக் கூறாவிடில் மொத்தம் 1,000 டாலர்.
* வர்ஜீனியா: தனி மீறலுக்கு 50 டாலர், தொடரும் மீறலுக்கு நாளொன்றுக்கு 10 டாலர், 90 நாட்கள் வரை. ஆகவே உச்ச அளவு 900 டாலர்.
* நெவாடா: உடல்நலம், பாதுகாப்பு தொடர்பற்ற மீறல் ஒன்றிற்கு 100 டாலர், மொத்தம் 1,000 டாலர்.
* கொலராடோ: பொதுப் பாதுகாப்பையோ உடல்நலத்தையோ பாதிக்காத மீறல் ஒன்றிற்கு மொத்தம் 500 டாலர், நாள்தோறும் அபராதம் விதிக்க இயலாது.
* டெக்சாசு: குறிப்பிட்ட உச்ச அளவு இல்லை. ஆனால் 2024 முதல் சங்கங்கள் எழுத்துமூல அபராதக் கொள்கையை வைத்திருக்க வேண்டும்.

சீரான அமலாக்கம்

ஒரே விதி ஒருவருக்கு ஒரு விதமாகவும் மற்றொருவருக்கு வேறு விதமாகவும் நடைமுறைப்படுத்தப்படுவது பாரபட்சமான அமலாக்கம் எனப்படும். தெருவில் பத்து வீடுகளில் படகுகள் நிறுத்தப்பட்டிருக்க, குழுத் தலைவரை எதிர்த்துப் பேசியவரின் படகிற்கு மட்டும் அபராதம் விதித்தால், அவ்வுறுப்பினர் அதனையே தன் எதிர்வாதமாக முன்வைக்கலாம். நெடுங்காலம் நடைமுறைப்படுத்தாமல் விட்ட விதியை மீண்டும் கொணர விரும்பும் குழு, முதலில் எல்லா உறுப்பினருக்கும் பொது அறிவிப்பு தந்து, ஒரு குறிப்பிட்ட நாள் முதல் அனைவர் மீதும் சமமாக நடைமுறைப்படுத்துதலே பாதுகாப்பான வழி.

முந்தைய முடிவுகளைப் பதிவேட்டில் வைத்திருத்தல் இதற்கு இன்றியமையாதது. நிர்வாகக் குழுவினர் தேர்தல்தோறும் மாறுவர். பதிவேடு இல்லையேல் புதிய குழு பழைய முடிவுகளை அறியாமலே முரண்பட்ட முடிவுகளை எடுக்கும்.

அபராதம் விதிக்க இயலாதவை

சில செயல்களைச் சங்க விதி தடை செய்திருந்தாலும், உயர்நிலைச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கின்றது.

* ஒரு மீட்டர் அல்லது அதற்குக் குறைந்த விட்டமுள்ள செயற்கைக்கோள் அலைவாங்கியை உறுப்பினர் தம் தனிப் பயன்பாட்டிலுள்ள இடத்தில் அமைத்தல் (கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணைய விதி, 1996).
* ஐக்கிய அமெரிக்கக் கொடியைத் தம் வீட்டில் பறக்கவிடல் (2005 ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம்). இடம், முறை குறித்த நியாயமான கட்டுப்பாடுகள் மட்டும் விதிக்கலாம்.
* கலிபோர்னியாவில் வறட்சி அவசரநிலை அறிவிக்கப்பட்ட காலத்தில் புல்தரைக்கு நீர் பாய்ச்சாதிருத்தல்.
* புளோரிடாவில் குப்பை அகற்றும் நேரத்திற்கு முன்னும் பின்னும் 24 மணி நேரத்திற்குள் தொட்டியைத் தெருவோரத்தில் வைத்திருத்தல் (2024).

1968 ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டமும் இங்குக் கருதத்தக்கது. இனம், நிறம், சமயம், பிறந்த நாடு, பால் ஆகியவற்றுடன், 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் குழந்தைகள் உள்ள குடும்பங்களும் மாற்றுத்திறனாளிகளும் இதன் பாதுகாப்பைப் பெறுகின்றனர். குழந்தைகள் வெளியே விளையாடுவதைக் குறிவைக்கும் விதிகள் இச்சட்டத்திற்கு மாறாக அமையக்கூடும். வளர்ப்பு விலங்குகளைத் தடை செய்யும் விதி இருந்தாலும், மாற்றுத்திறனாளி ஒருவர் தமக்குத் துணைசெய்யும் விலங்கை வைத்திருக்கக் கோரினால், அபராத அறிவிப்பு அனுப்பும் முன் அக்கோரிக்கையைக் குழு பரிசீலிக்க வேண்டும்.

வசூலும் வீட்டின் மீதான பற்றுரிமையும்

செலுத்தப்படாத தொகைக்காகச் சங்கம் வீட்டின் மீது பதிவு செய்யும் உரிமை பற்றுரிமை எனப்படும். சட்டம் அனுமதிக்கும் இடங்களில், இதனைக் கொண்டு வீட்டை ஏலத்திற்குக் கொணரவும் இயலும். ஆகவே ஒரு சிறு அபராதம் வீட்டை இழக்கும் நிலைக்கு இட்டுச் செல்லுமா என்பதே இத்துறையின் மிக முக்கியமான கேள்வி.

கலிபோர்னியாவில், விதிமீறலுக்கான அபராதத்தைப் பராமரிப்புக் கட்டணமாகக் கருதி, நீதிமன்றத்திற்குச் செல்லாமலே வீட்டை விற்பதற்கான பற்றுரிமையாக மாற்ற இயலாது. டெக்சாசிலும் கொலராடோவிலும் அபராதத் தொகைக்காக மட்டும் வீட்டை ஏலத்திற்குக் கொணர இயலாது. புளோரிடாவில் 1,000 டாலருக்குக் குறைந்த அபராதம் பற்றுரிமை ஆகாது. மாறாக, வர்ஜீனியாவில் முறைப்படி விதிக்கப்பட்ட அபராதம் பற்றுரிமையைப் பொறுத்தவரை பராமரிப்புக் கட்டணமாகவே கருதப்படுகின்றது.

இதனால் உறுப்பினர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அபராதத்தை ஏற்க மறுப்பவர், சினத்தில் பராமரிப்புக் கட்டணத்தையும் நிறுத்திவிடக்கூடாது. பராமரிப்புக் கட்டண நிலுவைக்கு அபராதத்திற்குள்ள பாதுகாப்புகள் இல்லை. அதன் அடிப்படையில் வீட்டை ஏலத்திற்குக் கொணரும் வாய்ப்பு உண்டு.

நீதிமன்றங்களின் அணுகுமுறை

நீதிமன்றங்கள் பொதுவாகக் குழுவின் தீர்மானத்திற்குப் பதிலாகத் தம் தீர்மானத்தை வைப்பதில்லை. குழு முறைப்படி நடந்ததா என்பதையே முதன்மையாக ஆராய்கின்றன.

* அயர்ன்வுட் எதிர் சாலமன் (கலிபோர்னியா, 1986): அனுமதியின்றி எட்டுப் பேரீச்ச மரங்களை நட்ட உறுப்பினர் மீது சங்கம் வழக்குத் தொடுத்தது. சங்கம் தன் சொந்த நடைமுறைகளைப் பின்பற்றியதையும், அவை நியாயமானவை என்பதையும், தன் முடிவு நல்லெண்ணத்துடன் எடுக்கப்பட்டது என்பதையும், தான்தோன்றித்தனமானது அன்று என்பதையும் சங்கமே காட்ட வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.
* நார்ஸ்டெட் எதிர் லேக்சைடு வில்லேஜ் (கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், 1994): வீட்டிற்குள் மூன்று பூனைகள் வளர்த்த உரிமையாளர் மீது அபராதம் விதிக்கப்பட்டது. பதிவுசெய்யப்பட்ட உடன்படிக்கையில் உள்ள கட்டுப்பாடு நியாயமானது என்றே முதலில் கருதப்படும் என்றும், அதனைத் தனியொருவரின் நிலையைக் கொண்டன்றி முழுக் குடியிருப்பையும் கொண்டு மதிப்பிட வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. பின்னர் 2001 முதல் ஏற்கப்படும் அல்லது திருத்தப்படும் ஆவணங்கள் குறைந்தது ஒரு வளர்ப்பு விலங்கையாவது அனுமதிக்க வேண்டும் என மாநிலச் சட்டம் இயற்றப்பட்டது.
* லாம்டன் எதிர் லா ஹோயா ஷோர்ஸ் (கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், 1999): கரையானை ஒழிக்கும் முறை பற்றிய இவ்வழக்கில், பராமரிப்பு தொடர்பாகக் குழு போதிய ஆய்வின் பின், நல்லெண்ணத்துடனும் குடியிருப்பின் நலனைக் கருதியும், தன் அதிகாரத்திற்குட்பட்டு எடுத்த முடிவை நீதிமன்றம் மதிக்கும் என்று கூறப்பட்டது.

விமர்சனங்கள்

அபராத வரம்புகளை ஆதரிப்போர், சங்கம் ஒரு சிறு அரசைப் போல் செயற்பட்டாலும் அரசைக் கட்டுப்படுத்தும் தடைகள் அதற்கு இல்லை என்று வாதிடுகின்றனர். நோயுற்றோர், முதியோர், வேலை இழந்தோர் ஆகியோரே விதிகளை உடனடியாக நிறைவேற்ற இயலாதோர். எனவே அபராதச் சுமை அவர்கள் மீதே கூடுதலாக விழுகின்றது என்பதும் அவர்கள் கருத்து.

இதற்கு மாறாக, நிர்வாகக் குழுக்கள் தரப்பில், வரம்பு மிகக் குறைந்தால் வசதி படைத்தோர் அதனை ஒரு கட்டணமாகக் கருதிச் செலுத்திவிட்டு மீறலைத் தொடர்வர் எனக் கூறப்படுகின்றது. தடையை மீறி வீட்டைக் குறுகிய கால வாடகைக்கு விடுபவருக்கு ஓர் இரவின் வருவாயே 100 டாலரை விடக் கூடுதலாக இருக்கலாம். அபராதம் பயனற்றுப் போனால் எஞ்சுவது நீதிமன்ற வழக்கே. அதன் செலவை எல்லா உறுப்பினரும் சுமக்க நேரிடும். நிர்வாகிகள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் என்பதால், நடைமுறைகள் சிக்கலாகும்போது மேலாண்மை நிறுவனங்களையும் வழக்கறிஞர்களையும் சார்ந்திருக்கும் நிலையும் கூடுகின்றது.

இரு தரப்பு வாதங்களும் தொகையைப் பற்றியே அமைந்தாலும், முன்னறிவிப்பும் விசாரணையும் தேவை என்பதில் மாநிலச் சட்டங்கள் பெரிதும் ஒத்துப்போகின்றன. முறைப்படி கேட்கப்பட்ட உறுப்பினர் முடிவை ஏற்காவிடினும் அதன் காரணத்தை அறிந்திருப்பார். அபராதத்திற்குப் பின்னரும் இரு தரப்பினரும் அதே தெருவில் வாழ வேண்டியிருப்பதால், இது சட்டத் தேவையுடன் நடைமுறைத் தேவையும் ஆகும்.

இவற்றையும் பார்க்க

* வீட்டு உரிமையாளர் சங்கம்
* இயற்கை நீதி
* டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டம்
* நியாயமான வீட்டுவசதிச் சட்டம்
* பற்றுரிமை